புலனாய்வை மட்டுமே செய்து ஓய்வு பெற முடியுமா?

கேள்வி கேட்ட பெண் கணிதப் பட்டதாரி. நேரடி உதவி ஆய்வாளர் தேர்வில் வென்று, பயிற்சிக்கான ஆணைக்குக் காத்திருக்கிறார். "எனக்குப் பந்தோபஸ்திலும் அணிவகுப்பிலும் விருப்பமில்லை. குற்றப் புலனாய்வுதான் வேண்டும். அந்த ஒரே வேலையைச் செய்து பணிக்காலத்தை முடிக்க முடியுமா? நீண்ட காலம் அதில் இருந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். நான் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் கொலை, கொள்ளை வழக்குகளிலேயே போயிற்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. தமிழ்நாடு காவல் துறையில் 'புலனாய்வு அதிகாரி' என்று ஒரு பதவி கிடையாது. அது ஒரு வழக்கில் நீங்கள் ஏற்கும் பாத்திரம். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் கோப்பு யார் கைக்கு வருகிறதோ அவர்தான் அந்த வழக்கின் ஐ.ஓ. மறுநாள் காலை அதே ஐ.ஓ. அமைச்சர் வரும் சாலையில் வெயிலில் நின்று கொண்டிருப்பார். மாலையில் கோயில் திருவிழா. இரவு ரோந்து. நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் வயலுக்குப் போயிருப்பார். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்க வேண்டும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். சென்னை போன்ற நகரங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒருவர், குற்றப் பிரிவுக்கு ஒருவர் என்று ஆய்வாளர்கள் உண்டு. அங்கேயும் தேர்தல் வந்தால், ஊர்வலம் வந்தால் குற்றப் பிரிவுக்காரரும் லத்தியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கிராமப்புற நிலையங்களில் அந்தப் பிரிவினை பெயருக்குக்கூட இல்லை.

ஆக, 'மட்டுமே' முடியாது. 'பெரும்பாலும்' முடியும். சிபிசிஐடி, மத்தியக் குற்றப் பிரிவு, மாவட்டக் குற்றப் பிரிவு, பொருளாதாரக் குற்றப் பிரிவு, லஞ்ச ஒழிப்பு, சைபர் குற்றம், சிலைத் திருட்டுத் தடுப்பு என்று இடங்கள் இருக்கின்றன. நிலையத்தில் இரண்டு மூன்று வழக்குகளை ஒழுங்காகக் கட்டி, கோர்ட்டில் நிறுத்திக் காட்டினால் உங்கள் பெயர் மெல்லப் பேசப்படும். அப்புறம் அந்தப் பிரிவுகளே உங்களைக் கேட்டு வாங்கும். சிலர் அந்த இடங்களைத் தண்டனையாக நினைப்பார்கள். அங்கே ஜீப்புக்கு முன்னால் கும்பிடு போடும் கூட்டம் இருக்காது. உங்களுக்கு அது சரிப்படும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

எந்த வழக்கு யாருக்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திருட்டு, அடிதடி, விபத்து போன்றவை உதவி ஆய்வாளர் கைக்கு வரும். கொலையை வழக்கமாக ஆய்வாளர்தான் விசாரிப்பார், நீங்கள் எஃப்.ஐ.ஆர். போட்டு அவருக்குத் தகவல் கொடுத்துவிட்டு, பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு போவீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். மணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் பிரேத விசாரணை வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போகும். இதைத் தவறவிட்டால் பிடித்த குற்றவாளி சரியான ஆளாகவே இருந்தாலும் வழக்கு நிற்காது.

பயிற்சி வண்டலூருக்குப் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில் நடக்கும். அங்கே சட்டம் கற்றுத் தருவார்கள், நன்றாகவே. ஆனால் நான் புலனாய்வைக் கற்றது என் முதல் நிலையத்தில் எழுத்து வேலை பார்த்த ரைட்டரிடம். தலைமைக் காவலர், பத்தாவது தாண்டாதவர். நான் அவரை 'ஏட்டையா' என்பேன். அவர் தன் மகன் வயதில் இருந்த என்னை 'ஐயா' என்பார். என் முதல் சம்பவ இடத்தில் நான் பிணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நாளைக்கு மழை வரும். மறுநாள் இங்கே ஆடு மேயும். கோர்ட்டுக்கு இந்த இடம் வராது, நீங்கள் எழுதுகிற பேப்பர்தான் போகும்" என்றார்.

அந்தப் பேப்பருக்குப் பெயர் பார்வை மகஜர். ஒரு கொலை நடந்த இரவை அப்படியே சொல்கிறேன், அப்போதுதான் இந்த வேலையின் ருசி தெரியும்.

ஒன்பதரை மணிக்கு ஒருவர் நிலையத்துக்கு ஓடி வருகிறார். அண்ணனை வெட்டிவிட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதை எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, வழக்குப் பதிந்து, எஃப்.ஐ.ஆர். நகலை ஒரு காவலரிடம் கொடுத்து அந்த இரவே நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். நடுவர் வாங்கியதும் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். அந்த நேரத்தைப் பத்து ஆண்டு கழித்து ஒரு வழக்கறிஞர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துப் பார்ப்பார். நிலையத்திலிருந்து நடுவர் வீடு எட்டு கிலோமீட்டர், எஃப்.ஐ.ஆர். பதிந்தது பத்து மணி; நடுவர் வாங்கியது மறுநாள் காலை பதினொன்று. நடுவில் பதின்மூன்று மணி நேரம் என்ன செய்தீர்கள்? உட்கார்ந்து யார் யார் பெயரைச் சேர்க்கலாம் என்று யோசித்தீர்களா? உங்களிடம் பதில் இல்லையென்றால் அங்கேயே வழக்கில் ஓட்டை விழுந்துவிடும். காவலரின் பைக் பஞ்சராகியிருக்கலாம். அதை அன்றைக்கே எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

ஆய்வாளர் சம்பவ இடத்துக்குப் போகிறார். கிராம நிர்வாக அலுவலரையும் தலையாரியையும் சாட்சியாக வைத்துப் பார்வை மகஜர், மாதிரி வரைபடம். ரத்தம் படிந்த மண் ஒரு டப்பாவில், கொஞ்சம் தள்ளி ரத்தம் படாத மண் இன்னொரு டப்பாவில். இரண்டாவது டப்பா எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முதல் டப்பாவில் இருக்கும் கறை அந்த மண்ணின் இயல்பு என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே, அதற்கு. பிறகு பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை. உடல் ஒரு காவலர் துணையோடு அரசு மருத்துவமனைக்குப் போகும். அந்தக் காவலரும் ஒரு சாட்சி. பிரேதப் பரிசோதனை முடிந்து அவர் வாங்கி வரும் சட்டையும் லுங்கியும் தனியாகக் கைப்பற்றப்பட வேண்டும். எல்லாப் பொருளும் படிவம் 95இல் ஏறி நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து கடிதம் வழியாகத் தடய அறிவியல் துறைக்குப் போகும். அந்தத் துறைக்கு நல்ல வயது. 1849இல் மெட்ராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இந்தியாவிலேயே முதலாவது. அதன் வழிவந்தது இது.

இப்போது என் தவறு. என் மூன்றாவது கொலை வழக்கு. இரவு ஒன்பது மணிச் சம்பவம், கண்ணால் கண்ட சாட்சி இருவர். மகஜரில் எல்லாம் எழுதியிருந்தேன். டீக்கடையிலிருந்து எத்தனை அடி, வேப்பமரம் எந்தத் திசை, வாய்க்கால் எவ்வளவு அகலம். 'வடக்கே ஒரு மின்கம்பம் உள்ளது' என்றும் எழுதியிருந்தேன். ஆறு ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் மொத்தமே நான்கு கேள்விதான் கேட்டார். சம்பவம் இரவில்தானே? ஆம். சாட்சிகள் நின்ற தூரம் முப்பது அடிக்கு மேல் இருக்குமா? இருக்கும். மின்கம்பம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்? ஆம். அதில் விளக்கு எரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களா?

எழுதவில்லை. விளக்கு எரிந்தது, அதன் வெளிச்சத்தில்தான் நான் அந்த மகஜரையே எழுதினேன். அது மகஜரில் இல்லை. இப்போது வாயால் சொன்னால், வழக்குக்காகச் சேர்த்துச் சொல்கிறேன் என்று ஆகும். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. தீர்ப்பன்று இறந்தவரின் தாய் என்னிடம் வந்து, "அவ்வளவுதானா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு இரவுச் சம்பவம் என்றால் நான் மின்வாரியத்துக்குக் கடிதம் எழுதுவேன். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் மின்சாரம் இருந்தது, தடை ஏதும் இல்லை என்று உதவிப் பொறியாளரை ஒரு சாட்சியாகச் சேர்ப்பேன். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளின் சாட்சிப் பட்டியலில் மின்வாரியக்காரர் ஏன் வருகிறார் என்று வெளியாட்கள் வியப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பின்னாலும் என்னைப் போல எவனோ ஒருவன் கூண்டில் முழித்த கதை இருக்கும்.

இதிலிருந்து இந்த வேலையின் விசித்திரம் உங்களுக்குப் புரியும். வழக்கு கட்டப்படுவது முதல் ஆறு மணி நேரத்தில். சோதிக்கப்படுவது ஆறு, எட்டு, சில வேளை பன்னிரண்டு ஆண்டு கழித்து. இடையில் நீங்கள் நான்கு ஊர் மாறியிருப்பீர்கள். கூட இருந்த காவலர் ஓய்வு பெற்றிருப்பார். சாட்சி சிங்கப்பூர் போயிருப்பார், அல்லது எதிரியின் வீட்டிலேயே பெண் எடுத்திருப்பார். அப்புறம் அவர் பிறழ்சாட்சி. விசாரணையின்போது சாட்சி சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் அவரிடம் கையெழுத்து வாங்கச் சட்டம் விடாது. பின்வாங்கிவிடுவார் என்று தோன்றும் முக்கியமான சாட்சியை நடுவர் முன்னால் நிறுத்தி வாக்குமூலம் பதிய வைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 183ஆவது பிரிவு. யார் பின்வாங்குவார் என்று மோப்பம் பிடிப்பது ஒரு தனித் திறமை. சொல்லும்போது அடிக்கடி வாசலைப் பார்ப்பவரை நான் மறுநாளே நடுவரிடம் அனுப்பிவிடுவேன்.

கேஸ் டைரியை அன்றன்று எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே போனீர்கள், யாரை விசாரித்தீர்கள், யார் வீட்டில் இல்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் இருபது நாளுக்கும் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீதிபதிகளும் பார்த்திருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் அந்த டைரியைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டீர்களானால், அந்தப் பகுதியைப் பார்க்கும் உரிமை எதிர்த்தரப்புக்கும் வந்துவிடும். ஆகவே எழுதும்போதே அவர்களும் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள்.

அடுத்து ஒப்புதல் வாக்குமூலம். இதில்தான் பலருடைய பணிவாழ்க்கை கெட்டது. காவல் அதிகாரியிடம் குற்றவாளி கொடுக்கும் ஒப்புதல் அவருக்கு எதிராகச் செல்லாது. வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டம் தன் போலீசையே நம்பவில்லை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவும் அதே அவநம்பிக்கையைத் தொடர்கிறது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளுக்கு இட்டுச் சென்ற பகுதி மட்டும் செல்லும். கிணற்றில் அரிவாளைப் போட்டேன் என்றார், தண்ணீர் இறைத்துப் பார்த்தால் அரிவாள் இருந்தது என்றால் அந்த வாக்கியம் வரைக்கும் சரி. இதனால் என்ன ஆயிற்றென்றால், நம் ஊர் வழக்குகளில் குற்றவாளிகளுக்கெல்லாம் திடீரென்று கிராம நிர்வாக அலுவலர் மீது பாசம் பொங்கியது. தலைமறைவாக இருந்தவர் தானாக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய், முன்பின் தெரியாத அவரிடம் மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லிச் சரணடைவார். வி.ஏ.ஓ. எழுதி எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வருவார். ஒரு வழக்கில் நடக்கலாம். வரிசையாக நடந்தால் எந்த நீதிபதி நம்புவார்? உயர் நீதிமன்றத்தில் இவை விழுவதைப் பார்த்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் கையால் அப்படி ஒன்றை எழுதாதீர்கள்.

அடியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். 'நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்ற செய்தியைப் படித்து ஊரே சிரிக்கிறது. சிலர் கைதட்டவும் செய்கிறார்கள், அது வேறு வேதனை. அடித்து வாங்கிய பதில் உங்களைத் தவறான ஆளிடமே நிற்க வைக்கும். அதற்குள் சரியான ஆள் கேரளா தாண்டியிருப்பான். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சில நாட்களுக்குள் இருவரும் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இரவு அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். நிலையத்தின் சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன என்று நடுவர் தன் அறிக்கையில் எழுதினார். வழக்கு சிபிஐக்குப் போயிற்று. அந்தப் பெண்ணைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவருடைய சக ஊழியர்கள், மேலதிகாரிகள். அவரும் காவல் துறைதான், அம்மா. அந்த நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதைப் பயிற்சிக்குப் போகும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது.

வாக்குமூலம் எவ்வளவு வழுக்கலான பொருள் என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் போல வேறொன்று கிடையாது. ஒரே வழக்கில் புலனாய்வின் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த இடத்தில், இறந்துகிடந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா தப்பியிருந்தது. உள்ளே பத்துப் படங்கள். மாலையோடு காத்திருக்கும் பெண், குறிப்பேடு வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரர் போல நிற்கும் ஆண். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அந்தப் படங்களிலிருந்து நூல் பிடித்துத்தான் சதியை முன்னின்று நடத்திய சிவராசனுக்குப் போனது. ஆகஸ்ட் 20 அன்று பெங்களூருக்கு அருகே கோணனகுண்டேயில் சிவராசனும் கூட இருந்தவர்களும் பிணங்களாகக் கிடைத்தார்கள். மூன்றே மாதம். அந்த இரவு யாராவது அந்தக் கேமராவைச் சாதாரணப் பொருளாக நினைத்து ஓரமாக வைத்திருந்தால்?

அதே வழக்கின் இன்னொரு பக்கம். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்.பி. பதவியில் உள்ளவர் பதியும் ஒப்புதல் செல்லும் என்று விதிவிலக்கு இருந்தது. 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள் என்று நின்றது. நால்வரில் ஒருவர் கைதாகும்போது 19 வயதாக இருந்த பேரறிவாளன். அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவை இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள். அவருடைய வாக்குமூலத்தைப் பதிந்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்றபின் 2013இல் ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அந்த இளைஞர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். ஒரு வாக்கியம். 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்ததும், 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்ததும் வேறு சட்டக் காரணங்களால். ஆனால் அந்த விட்டுப்போன வாக்கியம் பதிந்தவரை இருபது ஆண்டுக்கு மேல் விடவில்லை. என் மகஜரில் விளக்கு விட்டுப்போனது கவனக் குறைவு. இது வேறு வகை. இரண்டும் பேனாவிலிருந்து வந்தவைதான்.

விடுபட்டதைத் தேடிச் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் இன்பமும். மெட்ராஸ் காவல் துறையின் பெரியவர்கள் ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 1952 ஆகஸ்டில் ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் தலையில்லாத உடல், மானாமதுரையில் இறக்கினார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்று மெட்ராஸ் மருத்துவக் கல்லூரித் தடயவியல் பேராசிரியர் நிறுவினார். அவர் யார் என்பதை உறுதி செய்ய உதவியது கைரேகை. ஆளவந்தார் ஒரு காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். அங்கே எடுத்த ரேகை கோப்பில் இருந்தது. கணினி இல்லாத காலத்தில், 'இவருடைய ரேகை வேறெங்காவது இருக்குமா?' என்று ஒரு அதிகாரி யோசித்தாரே, அதைத்தான் நான் புலனாய்வு என்பேன். உங்கள் கணிதம் இங்கே உதவும்.

இப்போது அந்த யோசனை பெரும்பாலும் செல்பேசியிலிருந்து தொடங்குகிறது. அழைப்புப் பதிவு, கோபுரத் தகவல், சிசிடிவி, பணப் பரிமாற்றம். இளைஞர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தடுக்கி விழும் இடம் ஒன்றே. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். சாட்சியச் சட்டத்தில் பழைய 65பி, இப்போது 63ஆவது பிரிவு. நகைக்கடை முதலாளியிடம் காட்சிப் பதிவை பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, சான்றிதழ் வாங்காமல் வந்துவிடுவார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் போனால் கடையே இருக்காது. 2024 ஜூலை 1 முதல் சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்றாகியிருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. என் தலைமுறை அதிகாரிகள் இதைச் சுமை என்று புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று என்னிடம் ஒரு நிமிடக் காட்சிப் பதிவு இருந்திருந்தால் அந்த விளக்கு எரிவதை நீதிபதியே பார்த்திருப்பார்.

நீங்கள் பெண் என்பதால் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 1973இல் தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்ந்தபோது ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள். 1992இல் ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். அதிலிருந்து பெண் அதிகாரி என்றால் மகளிர் நிலையம் என்று ஒரு தடம் விழுந்துவிட்டது. குடும்பத் தகராறு மனுவும் சமரசமுமாக ஆண்டுகள் ஓடும். ஆனால் அங்கே வரும் போக்சோ வழக்குகளை, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளை, இளப்பமாக நினைக்காதீர்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும் என்கிறது சட்டம். ஆறு வயதுக் குழந்தையிடம் வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், அதன் சொல்லிலேயே வாங்கி, அதே சொல்லில் எழுதத் தெரிந்தவருக்கு எந்தக் கொலைகாரனையும் விசாரிக்க வரும். இரண்டு மூன்று ஆண்டு அங்கே இருங்கள். பிறகு குற்றப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். ஒருமுறை மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

பதவி உயர்வைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் கேட்பார்கள். நேரடி உதவி ஆய்வாளராகச் சேர்கிறவர் ஆய்வாளராகி, டி.எஸ்.பி.யாகிறார், வயதும் வாய்ப்பும் இருந்தால் அதற்கு மேலும். ஓய்வு வயது 60. சிறந்த புலனாய்வுக்கென்று ஒன்றிய உள்துறை அமைச்சர் பெயரில் 2018இல் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களில் இருவர் உண்மையிலேயே தகுதியானவர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பொறுத்தவரை, தீபாவளி அன்று நான் வீட்டில் இருந்த ஆண்டுகளை என் மனைவி விரல்விட்டு எண்ணுவார், ஒரு கையே போதும். உங்களுக்கு வரப்போகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓய்வு பெற்றாலும் சம்மன் ஓய்வதில்லை. மாறிப்போன, ஓய்வு பெற்ற அதிகாரியின் ஆவணத்தைப் பற்றி இப்போது பதவியில் இருப்பவரே சாட்சி சொல்லலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 336ஆவது பிரிவு வழிவிட்டிருக்கிறது. ஆனால் நேரில் பார்த்ததை நான்தானே சொல்ல வேண்டும். வரும் பதினெட்டாம் தேதி எனக்கு ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சியம். 2014இல் நடந்த இரவுக் கொலை. நேற்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் என் மகஜரின் நகலை வாங்கிப் படித்தேன். 'கிழக்கே உள்ள மின்கம்பத்தில் சோடியம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது' என்று இருக்கிறது. வரும் வழியில் அந்தத் தெருவுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சோடியம் போய் இப்போது எல்இடி போட்டிருக்கிறார்கள். கம்பமும் நான்கடி தள்ளி நிற்கிறது, சாலையை அகலப்படுத்தினார்களாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இளைஞர், சுறுசுறுப்பானவர். அவரும் போய்ப் பார்த்திருப்பார்.